அருளப்பு அண்ணை சொல்லாமல் போன பெயர்

வியாழக்கிழமை காலை, பலெர்மோவின் கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் இத்தாலியச் சின்யோரா வீட்டில் உடுப்பு அயர்ன் செய்துகொண்டிருந்தபோது எங்கள் பங்கு மண்டபத்திலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, அருளப்பு அண்ணை விடிய மோசம் போயிட்டார். நெஞ்சுவலியாம்," என்றார் செயலாளர். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். ஞாயிறு வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று தமிழில் கத்திவிட்டேன். சின்யோரா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் எழுதக் கேட்டவர்கள், "நல்லதை மட்டும் எழுதுங்கோ" என்றார்கள். நல்லது நிறையவே உண்டு. வியா மக்வேதா தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் காவலாளியாக இருந்த அவரை அறியாத தமிழர் பலெர்மோவில் யார்? இங்கே தங்க அனுமதி தரும் பெர்மெசோ எடுக்க உங்களில் எத்தனை பேரோடு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் வெயிலில் நின்றிருக்கிறார்! எனக்கு வேலை தேடித் தந்தவரும் அவர்தான். வீட்டுக்குக் குழாய் திருத்த வந்தால், வேலை முடிந்ததும் பேப்பரை விரித்து, ஸ்பானர், குறடு என்று ஆயுதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணுவார். "என்ன அண்ணை, நாங்கள் களவெடுத்துப் போடுவமோ?" என்று பகிடி பண்ணுவோம். "எண்ணாமல் எழும்பினால் எனக்குச் சோறு இறங்காது, தங்கச்சி" என்பார். சிரிக்க மாட்டார்.

அது விமானக் கொட்டகையில் பழகிய பழக்கம். போருக்கு முந்திய ஆண்டுகளில் கொழும்புப் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் அவர் மெக்கானிக்காக இருந்தவர். அங்கேதான் என் தம்பி ரஞ்சனும் விமானம் ஓட்டப் பழகினான். ஒரு நாள் அவனும் ஆசிரியரும் போன பயிற்சி விமானம் தென்னந்தோட்டத்தில் விழுந்து இருவரும் செத்துப்போனார்கள். மாணவன் பதறிப்போய்ப் பிழை விட்டான் என்று விசாரணையை முடித்தார்கள். ஆசிரியரின் மனைவி எங்கள் ஊர் மன்னாருக்கே வந்து, எங்கள் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார். அதன் பிறகு அப்பா கோவில் வாங்கில் உட்கார்ந்ததில்லை. சாகும்வரை பின்கதவடியில் நின்றுதான் பூசை கண்டார். அந்த விபத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டதாக அருளப்பு அண்ணை எனக்குச் சொல்லியிருந்தார். நம்பினேன்.

போன தபசு காலத்தில் ஒரு பின்னேரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இருத்தினார். "தங்கச்சி, ரஞ்சன் பிழை விடேல்லை. விட்டது நான். அண்டைக்கு ஆயுதம் எண்ணேக்கை ஒரு ஸ்பானர் குறைஞ்சுது. கூட வேலை செய்யிறவன் எடுத்திருப்பான் எண்டு நினைச்சுக் கையெழுத்து வைச்சிட்டன்." ஒருவர் ஆயுதத்தை மற்றவர் கேட்காமலே எடுப்பது அங்கே வழக்கமாம். ஆசிரியரும் நேரமாகிறதென்று அவசரப்படுத்தினாராம். அந்த ஸ்பானர் இருக்கைக்குக் கீழே, விமானத்தின் மூக்கைத் தூக்கும் கம்பியை அசையவிடாமல் இறுகிக் கிடந்தது. விழுந்த இடத்துக்கு முதல் ஆளாக ஓடிப்போனவரும் அவரே. "எடுத்துச் சட்டைப் பைக்குள்ளை போட்டன். அப்ப எனக்குக் கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம், தங்கச்சி."

நான் அவரை அடித்தேன். வயதில் மூத்தவரை, இந்த ஊரில் எனக்குப் படியளந்தவரை, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. "என்னட்டைச் சொல்லி என்ன? அம்மாட்டைச் சொல்லுங்கோ," என்றேன்.

அம்மா இடம்பெயர்ந்து கொழும்பில் மாமி வீட்டில் இருக்கிறார். அடுத்த ஞாயிறு போன் எடுத்து அண்ணையிடம் கொடுத்தேன். "அம்மா, உங்கடை மகன் பிழை விடேல்லை. எனக்குத் தெரியும்," என்றார். அம்மா அழுது ஓய்ந்து கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது: "அப்ப ஆர், ராசா?" அண்ணை ரிசீவரை என் கையில் தந்துவிட்டார். லைன் சரியில்லை என்று அம்மாவுக்குப் பொய் சொன்னேன்.

"வாற ஞாயிறு கட்டாயம் சொல்லுறன்" என்பார். அப்படியே ஆறு ஞாயிறு போனது. நானே சொல்லியிருக்கலாம். அவர் வாயால்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒவ்வொரு கிழமையும் அந்த மனிதர் கரைந்துகொண்டு வந்ததைப் பார்த்தும் இரங்கவில்லை. நான் அடித்த நெஞ்சுதான் நின்றுபோனது என்ற நினைப்பிலிருந்து என்னை யாரும் மீட்க முடியாது, ஆறுதல் சொல்லவும் வரவேண்டாம்.

அடக்கம் முடிந்த ஞாயிறு நானே அம்மாவுடன் கதைத்தேன். அண்ணை செத்த செய்தி அவருக்கு முன்னமே போயிருந்தது. "அந்த நல்ல மனுசன்ரை ஆத்துமத்துக்கு இஞ்சை பூசை ஒப்புக்குடுத்தனான், பிள்ளை. என்ரை பிள்ளையின்ரை பேரைக் காப்பாத்தினவரெல்லோ. ஆர் பிழை விட்டதெண்டு உனக்காவது சொன்னவரோ?"

ஓம் என்றேன். அவருடைய பெயரைச் சொன்னேன்.

அம்மா போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அருளப்பு அண்ணையை எண்ணி எனக்கென்று நான் வைத்திருப்பது, அதன் பிறகு அம்மா சொன்னதை மட்டுந்தான். மன்னித்துச் சொன்னாரா, மனம் வெந்து சொன்னாரா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை.

"பூசை முடிஞ்சுது, பிள்ளை. இனி அதைத் திருப்பி வாங்கேலாது."