முழு மதிப்பெண் வேண்டாம் என்றவர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. ஹைதராபாத்தின் பட்டான்செரு பகுதியில் ஊசிமருந்து தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பி.ஃபார்ம் முடித்ததும் கல்லூரியிலேயே தேர்வாகி வந்த நிரந்தர ஊழியர் நான். சைனிக்புரியில் வீட்டருகே கம்பெனிப் பேருந்து ஏறினால் ஆலை வாசலில்தான் இறங்குவேன்.

எங்கள் பிரிவில், மருந்து நிரப்பிய கண்ணாடிக் குப்பிகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் அறை ஒன்று உண்டு. பன்னிரண்டு விளக்குக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் பின்பலகை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. குப்பியைக் கழுத்தில் பிடித்து மெல்லச் சுழற்றி, கறுப்பின் முன் ஐந்து நொடி, வெள்ளையின் முன் ஐந்து நொடி பார்க்க வேண்டும். தூசு, நார், கண்ணாடித் துணுக்கு, எது மிதந்தாலும் குப்பி சிவப்புத் தட்டுக்குப் போய்விடும். இங்கே தப்பிவிட்டால் அது நேராக யாரோ ஒருவருடைய ரத்தக்குழாய்க்குள்தான் போகும்.

அந்தப் பன்னிரண்டு கூண்டுகளின் முன்னும் அமர்ந்திருந்த பெண்கள் அனைவரும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். பதினோரு மாதத்துக்கு ஒரு நுழைவு அட்டை. முடிந்ததும் சில நாள் வீட்டில் இருத்திவிட்டுப் புது அட்டை தருவார்கள். எட்டு ஆண்டு வேலை பார்த்தவரும் காகிதத்தில் நேற்று வந்தவராகவே இருப்பார். அப்படி எட்டு ஆண்டுகளாக 'நேற்று வந்தவராகவே' இருந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் மௌலா அலியைச் சேர்ந்தவர். தாத்தா காலத்தில் ரயில்வே பணிமனைக்கு வந்த தமிழ்க் குடும்பம். ரயிலில் லிங்கம்பள்ளி வரை வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வருவார். அந்த அறையில் என்னோடு தமிழில் பேசியவர் அவர் ஒருவரே. நான் 'அக்கா' என்பேன்; என்னைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் அவர் 'மேடம்' என்பதை விடவில்லை.

ஆண்டுக்கொருமுறை அவர்களுடைய பார்வையைச் சோதிக்க வேண்டும். குறையுள்ள குப்பிகளை நல்ல குப்பிகளோடு கலந்து வைத்த ஒரு சோதனைப் பெட்டி உண்டு. குறைகளை எல்லாம் கண்டுபிடிப்பவரே தொடர்ந்து அந்த வேலையைச் செய்யலாம். அன்று சோதனையை நடத்தியவள் நான். அக்கா வழக்கம்போல் ஒன்றையும் தவறவிடவில்லை. மற்றவர்கள் தேநீருக்குப் போன பிறகும் அவர் எழவில்லை.

"மேடம், அந்த மார்க்கை எழுதாதீங்க."

"ஏன்க்கா? இந்த வருஷமும் நீங்கதான் முதல்."

"அதுக்குத்தான் சொல்றேன். நான் எங்க பாத்தேன்? எட்டு வருஷமா இதே பெட்டி. எந்த பாட்டில் மூடியில நெளிவு, எதுல கீறல்னு விரலுக்கே தெரியும். கண்ணை மூடிட்டுக் குடுத்தாலும் பாஸ் பண்ணுவேன்."

கறுப்புப் பக்கத்தில் நார்கள் இரண்டு மாதமாகவே அவருக்குக் கலங்கித் தெரிந்திருக்கின்றன. கண்ணாடி போட்டால் கேள்வி வரும் என்று பயந்து போடாமல் இருந்திருக்கிறார். முந்தைய சனிக்கிழமை, நார் மிதந்த ஒரு குப்பியை நல்ல தட்டில் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண் தற்செயலாகப் பார்த்து எடுத்துவிட்டாள்.

"அவ பாக்காம இருந்திருந்தா? ரெண்டு நாளா சோறு இறங்கலை மேடம்."

வேறு வேலைக்கு மாற்றச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஹவ், ஆமா, மாத்துவாங்க. வீட்டுக்கு மாத்துவாங்க! கம்பெனி ஆளுக்குக் கண்ணு மங்கினா கண்ணாடி. எங்களுக்கு மங்கினா கேட்டுக்கு வெளிய."

அவர் சொன்னது உண்மை. முந்தைய ஆண்டு வேறு பிரிவில் இருந்த நிரந்தரப் பணியாளர் ஒருவருக்குப் பார்வை குறைந்தபோது மருத்துவரிடம் அனுப்பி, மாற்று வேலை தந்து, மறுபடி சோதித்துச் சேர்த்துக்கொண்டதை நானே பார்த்திருந்தேன். அக்காவின் மகள் அப்போது பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. வீட்டுக்கு நிலையாக வந்த வருமானம் இவருடையது மட்டுமே. இதையெல்லாம் அறிந்தேதான் அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

இங்கே என் தவறையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெட்டியை மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது எனக்குத் தெரியும். புதிய பெட்டி அலமாரியில் முத்திரை பிரிக்காமலேயே கிடந்தது. இத்தனை நாள் ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி என் மேலதிகாரிகளைச் சுடும். அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதற்காக நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்காது. போகும் என்று தெரிந்தவரோ சொல்லிவிட்டார். அந்த நிமிடம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூசியது.

புதிய பெட்டியைப் பிரித்தேன். கறுப்புப் பலகையின் முன் ஆறு குப்பிகளைத் தவறவிட்டார். 'தேர்ச்சி இல்லை' என்று எழுதி, பழைய பெட்டியைப் பற்றியும் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் சோதித்த, இன்னும் கிடங்கிலேயே இருந்த குப்பிகளை மறுபடி பார்க்க ஏற்பாடாயிற்று.

மறுநாள் காலை ஏஜென்சி மேற்பார்வையாளர் வந்து அட்டையைக் கேட்டார். கெட்ட மனிதர் அல்லர். "என்னோட ஆர்டரும் வருஷா வருஷம் புதுப்பிக்கிறதுதான் மேடம். ஆள் சரியில்லைன்னா வேற ஆள் குடுக்கணும், அவ்வளவுதான்" என்றார். அக்கா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். மணி அடித்தும் மற்ற பதினோரு பெண்களும் உட்காரவில்லை. மேலங்கியும் தலையுறையும் அணிந்து, அவரவர் கூண்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். முழக்கம் எதுவும் எழவில்லை. சனிக்கிழமை அந்தக் குப்பியை எடுத்தவள்தான் தெலுங்கில் பேசினாள். "நாங்களும் அந்தப் பழைய பெட்டியிலதானே மேடம் பாஸ் பண்ணோம்? எங்களையும் புதுசுல பாருங்க. அது வரைக்கும் நாங்க எப்படி பாட்டிலைத் தொடுறது?"

"நக்கோ, வேணாம்! உங்களுக்கு என்னத்துக்குடி இந்த வம்பு?" என்று அக்கா அவளை அதட்டினார்.

"நீங்க மட்டும் நல்லவங்களா இருந்தா போதுமா அக்கா?" என்று அவள் சிரித்தாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர்களில் பாதிப்பேர் நாற்பதைக் கடந்தவர்கள். புதிய பெட்டியில் யார் தவறுவார் என்று யாருக்கும் தெரியாது. தங்கள் வேலையைத் தாங்களே கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். அவர்கள் கேட்டதை மறுக்கவும் வழியில்லை. விதிப்படி அது முற்றிலும் சரி.

தரப் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். வழியிலேயே மனத்தில் எழுதிக்கொண்ட ஒரே வாதத்தைச் சொன்னேன்: கண் மங்கியதைச் சொன்னால் வேலை போகும் என்றால் இனி யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லாத கண்களை நம்பி நாம் மருந்து அனுப்ப வேண்டியிருக்கும். பெட்டி விஷயத்தில் என் மௌனத்தையும் ஒப்புக்கொண்டேன். அவர் கடுமையாகக் கோபித்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தார். பார்வை குறைந்தவருக்கு மருத்துவச் சோதனையும் மாற்று வேலையும் தர வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. நிரந்தரமா ஏஜென்சியா என்ற பேதமே அதில் இல்லை. அந்தப் பேதத்தை நாங்களாகவே பழக்கமாக்கியிருந்தோம். அவர் புத்தகத்தை மூடினார். அக்காவின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு நாளில் எல்லோரையும் சோதித்தோம். இன்னும் மூவர் தேறவில்லை. நால்வரும் கண் மருத்துவரிடம் போனார்கள். மூவருக்குக் கண்ணாடி போதுமானதாக இருந்தது. ஒருவருக்குக் கண்ணாடியும் உதவவில்லை. அவர் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவில் நிலைத்துவிட்டார். இந்த ஏற்பாடு ஏஜென்சி ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டது. ஆனால் பதினோரு மாத அட்டை மாறவில்லை, இன்றும் மாறவில்லை. இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.

மூன்று வாரம் கழித்து, தடித்த சட்டகம் போட்ட கண்ணாடியோடு அக்கா மறுபடி சோதனைக்கு உட்கார்ந்தார். ஒரு குப்பியைக் கறுப்பின் முன் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இதுல ஒரு நார் இருக்கு. தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். பிறகுதான் ஒளியில் ஒரு கணம் மின்னியது, இமைமுடியிலும் மெல்லிய ஒரு இழை.

இன்றும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற வரியின் கீழ் கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும் அந்த இழை என் கண்முன் வருகிறது. இழப்பதற்கு எதுவுமில்லாத நான் பேசத் தயங்கியதையும், எல்லாவற்றையும் இழக்கக்கூடிய அவர்கள் தயங்காமல் எழுந்து நின்றதையும் சேர்த்தே நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொடுகிறேன்.