பச்சை நூல் கொடுத்த அளவு

அம்மாவை வழியனுப்பிவிட்டு உறவினர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு, மகள் தையல் கடையைத் திறந்து வெட்டுமேசை முன்னால் உட்கார்ந்தாள். கைப்பேசி சிணுங்கியது. "கத்திரி அக்காவின் நேரலை. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணி. சட்டைக் காலர் வெட்டுவது எப்படி? டிக்கெட்டுகள் விற்பனையில்."

கத்திரி அக்கா என்பது அம்மாதான். செத்தவள் சனிக்கிழமை எப்படிக் காலர் வெட்டுவாள்?

பக்கத்தைத் திறந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிக்கெட் வாங்கியவர்கள் எண்ணிக்கை ஒன்று கூடியது. யாரோ இந்த நிமிஷத்தில் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி போய்விட்டாள். இன்னொருவர் மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு தெரு தள்ளி போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். போதாததற்கு, அம்மாவின் பெயர் ஒவ்வொரு அடையாள அட்டையிலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால், டிக்கெட் பணம் ஆரம்பத்திலிருந்தே மாமாவின் வங்கிக் கணக்குக்குத்தான் போனது.

மகளின் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மாமாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை நிகழ்ச்சி ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம், இப்போது எதற்கு அதெல்லாம் என்று அவர் மழுப்பினார். அவள் நூல் விட்டுப் பார்த்தாள். அம்மாவின் பழைய வீடியோக்கள் எல்லாம் யாரிடம் இருக்கின்றன? ஸ்டுடியோவில் ஆள் வந்திருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பள்ளிச் சீருடை தைத்தே மகளைப் படிக்கவைத்தவள் அம்மா. பள்ளிக்கூடங்கள் ஆயத்தச் சீருடைக்கு மாறியதும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாமா வெட்டுமேசைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார். முதலில் எல்லாம் இலவசம். பார்த்தவர்கள் ஆகா என்றார்கள், போய்விட்டார்கள். இவர்கள் பாராட்டை வைத்து ஊசி வாங்க முடியுமா என்று அம்மா கேட்டாள். அதன் பிறகு டிக்கெட் வந்தது. பணம் கட்டினால் நடக்கும்போது பார்க்கலாம், முடிந்தபின் கிடைக்காது.

முதல் நிகழ்ச்சியிலேயே ஒருவன் எழுதினான், இது ஏற்கெனவே எடுத்துவைத்த வீடியோதானே என்று. அம்மாவுக்குச் சுருக்கென்றது. கத்திரியைக் கீழே வைத்தாள். "அப்படியா தம்பி? உன் அளவைச் சொல்லு. அதையே வெட்டறேன்." சொன்னான். வெட்டினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நேரலையிலும் முதலில் ஒரு அளவு கேட்பாள். வந்து விழுகிறவற்றில் ஒன்றை எடுத்து, அந்த அளவுக்குத் துணி வெட்டுவாள். கத்திரி அக்காவின் நேரலை என்றால் நேரலைதான் என்று பெயர் நின்றது. அந்தப் பெயருக்காகத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

வெளியூரில் வேலை பார்த்த மகளும் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் வாங்கினாள். சும்மா கேட்டால் அம்மா தரமாட்டாளா என்ன? மகள்தான் கேட்கவில்லை. திரையைப் பதிவுசெய்தும் வைத்துக்கொள்வாள். முடிந்ததும் போன் செய்வாள். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும் அம்மா நிறுத்தவில்லை.

"ஒன்றரை மணி நேரம் நின்னிருக்கியே, கால் வலிக்கலையா?"

"எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீதான் பாத்தியே."

பார்த்தாள். நம்பினாள். ஊருக்கு வரும் பயணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தாள்.

இப்போது கடையிலேயே மடிக்கணினியைத் திறந்து, கடைசியாக நடந்த நேரலைகளை மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை மகளாகப் பார்க்கவில்லை.

முதலில் வெளிச்சம். வெட்டுமேசை கிழக்கு ஜன்னலை ஒட்டி இருக்கிறது. நிகழ்ச்சி மாலை நான்கு மணிக்கு. மாலையில் அந்த ஜன்னலில் வெயில் வராது. கடைசி நான்கிலும் துணி மேல் பளிச்சென்று வெயில் விழுந்திருந்தது. அடுத்து, சுவர்க்கடிகாரம். முன்பெல்லாம் அம்மாவின் தோளுக்குப் பின்னால் தெரியும். அந்த நான்கிலும் ஆணி மட்டும் இருந்தது.

அப்படியானால் அளவு? நேரலையில் வந்த அளவைப் பதிவுசெய்த வீடியோ எப்படி வெட்டும்?

ஓரத்தில் ஓடிய எழுத்துகளைப் படித்தாள். பலர் அளவு அனுப்பியிருந்தார்கள். நான்கு முறையும் அம்மா எடுத்துக்கொண்டது ஒரே ஆளுடைய அளவு. "பச்சை நூல்" என்று பெயர். வேறு எதுவும் எழுதாத ஆள். அம்மா திரையில் குனிவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து எண்களைப் போட்டுவிட்டுக் காணாமல் போயிருந்தார்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தாள். படுத்திருந்த அம்மாவை வைத்து மாமா வீடியோ எடுத்து, தானே பச்சை நூலாக வந்து அளவு போட்டுப் பணம் பார்த்திருக்கிறார். இனி பிணத்தை வைத்தும் பார்க்கப்போகிறார்.

கடையைப் பூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு நடந்தாள்.

மாமா பின்னறையில், கணினி முன்னால் இருந்தார். திரையில் அம்மா, வாயைத் திறந்தபடி உறைந்திருந்தாள். மகளைக் கண்டதும் மாமா திரையை அணைத்தார். அந்த ஒன்றே போதுமாக இருந்தது. அவள் உட்காரவில்லை. வெயிலைச் சொன்னாள், கடிகாரத்தைச் சொன்னாள், பச்சை நூலைச் சொன்னாள். மாமா மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பச்சை நூல் யாரு மாமா?"

"உனக்கு எதுக்கு அது, பாப்பா."

"நீங்கதானே?"

அவள் ஒரு பதிவைத் திறந்து பச்சை நூல் எழுதியதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். 28, 17, 9, 40, 15. வெறும் எண்கள். நீட்டியபோதுதான் அவளுக்கே ஏதோ இடறியது. மற்றவர்கள் எல்லாம் 'மார்பு 38' என்றோ, 'நாற்பது சைஸ்' என்றோ எழுதியிருந்தார்கள். சட்டை போடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எது என்ன என்று சொல்லாமல் வரிசையாக எண்களை மட்டும் கொட்டுவது யார்?

"இதுல எது கழுத்து மாமா?"

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ஒன்பதா?"

"ஒன்பது கழுத்து பூனைக்குத்தான் சரியா இருக்கும்."

சட்டையின் உயரம், தோள், கை, உடம்பு, கழுத்து. கடையில் அளவெடுக்கும்போது அம்மா இந்த வரிசையில்தான் சொல்வாள். எது எதென்று பெயர் சொல்ல மாட்டாள், எண் மட்டும்தான். சின்ன வயதில் சாக்கட்டியால் துணி மூலையில் அதைக் குறித்துவைப்பது மகளின் வேலை. பார்வையாளர் மாதிரி நடிக்க வந்தவள், தையல்காரியாகவே எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

மாமா அதன் பிறகு எதையும் மறைக்கவில்லை. அக்காவால் நிற்க முடியவில்லை. நாலு வெட்டு வெட்டுவாள், படுத்துக்கொள்வாள். தெம்பாக இருக்கும் காலைகளில் துண்டு துண்டாக எடுத்தார்கள். இவர் ஒட்டினார். மாலையில் அதை ஓடவிடும்போது அக்கா கட்டிலில் படுத்தபடி பழைய போனில் அளவைத் தட்டுவாள். தட்டுகிற வேலையைக்கூட இவரிடம் கொடுக்கவில்லை, எண்ணை மாற்றிப் போட்டுவிடுவான் என்று.

"காசுக்காகவா?"

"காசும்தான். மருந்துக் கடைக்காரன் என் அக்கா புருஷனா, சும்மா குடுக்க? அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்திடுவோம்னு நான் சொன்னப்ப அவ சொன்னது வேற." மாமா அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு வாரம் காட்டலைன்னா என் பொண்ணு வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவாடான்னா."

அவள் இதையும் உடனே நம்பவில்லை. திரும்பக் கடைக்குப் போய், மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போனுக்குச் சார்ஜ் போட்டு, உயிர் வரும்வரை காத்திருந்தாள். பச்சை நூலின் கணக்கு அதில் திறந்தபடி இருந்தது.

மாமா பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். சனிக்கிழமையை ஏன் ரத்து செய்யவில்லை என்று கேட்டாள்.

"காலர் வெட்டறதையும் அவ எடுத்துவச்சுட்டுத்தான் போனா. ரத்துன்னு அமுக்குனா காரணம் கேக்குது பாப்பா. நான் என்னன்னு போடறது?"

மகள் எழுதினாள். கத்திரி அக்கா இறந்துவிட்டார். சனிக்கிழமை காட்டுவது முன்பே எடுத்த பதிவு. இதற்கு முந்தைய நான்கும் அப்படியே. அவரால் நிற்க முடியவில்லை. வேண்டியவர்கள் ஐந்துக்கும் பணத்தைத் திரும்பப் பெறலாம். மகள்.

மாமா எட்டிப் படித்துவிட்டுப் பதறினார். பழைய நாலை எதற்கு இழுக்கிறாய், யார் கேட்டார்கள், அவள் பெயர் கெட்டுப்போகுமே என்றார்.

"நான் கண்டுபிடிச்சேன்ல? நாளைக்கு இன்னொருத்தன் கண்டுபிடிப்பான். அவன் வாயால வந்தா அம்மா திருடி ஆயிடுவா."

அனுப்பினாள்.

சிலர் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் என்று ஒருவன் எழுதினான். முதல் நாள் கேட்டவனா என்று அவள் பார்க்கவில்லை. இத்தனை நாளும் ஏமாந்தோமா என்று இன்னொருத்தி கேட்டாள். ஆமாம், நானும்தான் என்று மகள் பதில் போட்டாள்.

சனிக்கிழமை மாலை, அம்மா திரையில் வந்தாள். வழக்கம்போல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "யாராவது ஒரு அளவு சொல்லுங்க பாப்போம்." குனிந்து காத்திருந்தாள். பச்சை நூலின் போன் மகளின் மடியில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது.

மார்பு 38 என்று ஒருவர் எழுதினார். நாற்பது சைஸ், கை கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் குண்டு, அக்கா, தாராளமா வெட்டுங்க.

"ஆங், வந்துருச்சு," என்றாள் அம்மா. தான் முன்பே முடிவுசெய்திருந்த எண்களைச் சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

காலரின் வளைவில் கத்திரி பாதி போயிருந்தபோது, துணி மேலிருந்த வெயில் சட்டென்று சுவருக்குத் தாவியது. கண் சிமிட்டினால் தவறிவிடும். கத்திரி நிற்காமல் போனது.

இந்த ஒட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று மாமாவைக் கேட்டாள்.

"ரெண்டு நாள்," என்றார் மாமா.