சிப்பிக்குக் கீழே

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு சிப்பிக் கட்டி இருக்கிறது. கடற்கரையில் பொறுக்கியதா என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். பழவேற்காடு ஏரிக்கு அடியில், பாலத்துக்குத் துளை போட்டபோது மேலே வந்தது என்று ஆரம்பித்தால் வந்தவரின் காபி ஆறிவிடும்.

அந்தப் பாலத்தின் அஸ்திவாரத்தை வடிவமைத்தவர் எங்கள் மேடம். அவர் யோசிப்பதைக் கணினியில் வரைவது என் உத்தியோகம். யோசிக்கும் தொல்லை எனக்குக் கிடையாது. தூண்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. துளை போடும் உளி 'டங்' என்றதும் பாறை வந்துவிட்டதென்று முதலில் கைதட்டியவன் நான். மேடம் இந்தக் கட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தட்டினா பாறை மாதிரிதான் கேக்கும். இது சிப்பிப் படுகை. இன்னும் இறக்குங்க" என்றார். இறக்கினார்கள். கீழே தயிர் போலக் களிமண். எல்லாத் தூண்களும் அதையும் தாண்டிப் போக வேண்டும் என்று வடிவமைப்பையே மாற்றினார். மழைக்கு முன்னால் முடிய வேண்டிய பாலம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

அப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் போகப் படகுதான். அங்கிருந்து, கையாலேயே பிடித்த நண்டை விற்க வரும் அக்கா ஒருவர் எங்களைக் கேலி பேசாமல் போகமாட்டார். "இன்னாம்மா, பாலம் கட்றியா, கெணறு வெட்றியா?" ஒருநாள் கேலி இல்லை. "எங்க நைனாவுக்கு மூச்சு வாங்குதும்மா. அவசரம்னா தூக்கினு ஓட வழியில்ல. மழைக்குள்ள முடிச்சுருவியா?"

நானாக இருந்தால் முடிச்சுடலாம் என்றிருப்பேன். ஆறுதல் சொல்வதில் ஆழம் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. மேடம், "முடியாதும்மா" என்றார்.

அந்த மழையில் அக்காவின் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது, காற்று தணியக் காத்திருந்து படகெடுத்தார்கள். கரை சேர்வதற்குள் நைனா போய்விட்டார். மேடம் அந்த வீட்டு வாசலில் போய், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அக்கா திட்டவில்லை. "அடுத்த மழைக்காச்சும் முடிச்சுடு" என்றார். திரும்பும் வழியில் ஜீப்பில் மேடம், "கணக்கு சரிதான்" என்றார். யாரும் தப்பென்று சொல்லியிருக்கவில்லை.

மேடம் இப்போது இல்லை. போன மழையில் அந்தப் பாலத்தின் வழியாகப் பேருந்தில் போனேன். அக்கா கூடையோடு ஏறினார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "அந்தம்மா நல்லாக்கீறாங்களா?" என்றார். சொன்னேன். பாலம் முடியும்வரை ஜன்னல் வழியே வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போதுதான், "எத்தினி ஆழம் தோண்டுச்சு அந்தம்மா! இம்மாந் தண்ணி ஓடுது, அசையல பாரு" என்றார். பிறகு, "எங்க நைனாதான் இதுல போவல."

வீட்டுக்கு வந்து கட்டியைப் பேனாவால் தட்டினேன். இன்றைக்கும் பாறை மாதிரிதான் கேட்கிறது.