உரிய மையம்

“வளிமண்டலத்திற்கு ஊறு நேராவண்ணம் குளிரூட்டு வாயுவை மீட்டெடுத்து, உரிய மையத்தில் ஒப்படைக்கும் சுற்றுச்சூழல் காவலர்” என்கிறது அவருடைய அடையாள அட்டை. அதில் இருக்கும் புகைப்படத்தில் காவலர், பிடிபட்ட திருடனைப் போல விழிக்கிறார்.

ஊருக்கு அவர் ஜில்லு, ஏசி மெக்கானிக். ஐம்பத்தொரு வயதுவரை அவர் எந்த வாயுவையும் மீட்டதில்லை, விடுதலை செய்ததோடு சரி. பழைய ஏசியைக் கழற்றும்போது நட்டைத் தளர்த்துவார். உஸ்ஸென்று சத்தம் கிளம்பும். அது அடங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, நாற்றமில்லாத ஒன்று வானத்துக்குப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகுதான் இரண்டு நாள் பயிற்சி வந்தது. அரங்கில் அத்தனை குளிர். இரண்டு பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு கேட்டார்கள். அந்த வாயு ஒரு கிலோ வெளியேறினால், கிட்டத்தட்ட இரண்டு டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்றார் பயிற்சியாளர்.

ஜில்லு எழுந்தார். “சார், நான் இருபத்தாறு வருஷமா தெறந்து விட்டுக்கிட்டு இருக்கேன். அப்ப இந்த வெயில்ல என் பங்கு எவ்ளோ?”

அரங்கம் சிரித்தது. “அப்படியெல்லாம் தனி ஆளா பாக்கக் கூடாதுங்க,” என்றார் பயிற்சியாளர். பத்து நிமிடம் கழித்து அவரே, “ஒவ்வொரு தனி ஆளும் மாறினாத்தான் உலகம் மாறும்,” என்றார். ஜில்லு இரண்டையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். இன்றுவரை அவருக்கு அவை ஒட்டவில்லை.

அட்டையோடு ஒரு சிறிய பம்பும், மஞ்சள் தலை வைத்த சாம்பல் நிறச் சிலிண்டர் ஒன்றும் கொடுத்தார்கள். வெயில் உச்சத்தில் இருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. இரண்டே மாதத்தில் சிலிண்டர் நிரம்பிவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதுபோல அதை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து, ஒப்படைக்கக் கிளம்பினார். அட்டையின் பின்புறத்து முகவரி, அதே பயிற்சி அரங்கில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார்.

“இதை எதுக்குங்க இங்க தூக்கிட்டு வந்தீங்க?”

“உரிய மையத்துல ஒப்படைக்கணும்னு போட்டிருக்கு சார்.”

“போட்டிருக்கும். மையம் இனிமேத்தான் வரணும்.”

“அதுவரைக்கும்?”

“பத்திரமா வச்சுக்கங்க. வெயில் படாம பாத்துக்கங்க. வெளிய விட்டுடாதீங்க, அது குற்றம்.”

“வேற காலிச் சிலிண்டர் ஒண்ணு கிடைக்குமா சார்?”

“நிரம்பினதை ஒப்படைச்சாத்தான் காலி தருவோம்.”

ஜில்லு சிலிண்டரோடு திரும்பிவந்தார். வீட்டில் வெயில் படாத இடம் ஒன்றே ஒன்றுதான்: அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் மூலை. மதியத்தில் மனைவி தலைசாய்க்கும் இடம் அது. ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி கிடையாது. இருந்த குளிர்ச்சியையும் சிலிண்டருக்கு ஒதுக்கியாயிற்று.

“எனக்குக் கெடைக்காத ராஜ உபசாரம் இதுக்கா?” என்றாள் மனைவி. “தெறந்து விட்டுத் தொலைங்களேன்.”

“விட்டா வெயில் ஏறுமாம்.”

“நீங்க விடலைன்னா குறைஞ்சிடுமா?”

“குறையாதாம்.”

“அப்ப என்னதான் ஆகுமாம்?”

“எனக்கும் அதான் வெளங்கல.”

இந்த நிலையில்தான் ஜவுளிக்கடை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நான்கு மாடிக் கடை. பழைய ஏசி பன்னிரண்டை எடுத்துவிட்டுப் புதியது இருபது போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் இனி வருடம் முழுக்கப் பராமரிப்பு வேலை ஜில்லுவுக்கே. முடியாவிட்டால் வேறு ஆள் வாசலிலேயே நிற்கிறார்.

“பன்னெண்டு போதுமே சார்?”

“முன்ன போதும். இப்ப அடிக்கிற வெயிலுக்குப் பத்தல.”

ஜில்லு வாயைத் திறந்தார். வெயிலைப் பற்றித் தனக்கும் கொஞ்சம் தெரியும் என்று சொல்ல நினைத்தார். சொன்னால் வேலை போய்விடும் போலிருந்தது. மூடிக்கொண்டார். சிலிண்டர் நிரம்பியிருக்கிறது, மையம் இன்னும் பிறக்கவில்லை, வெள்ளிக்கு மூன்று நாள்தான் பாக்கி.

மனைவியின் தம்பி பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். அவன் கையில் தீர்வு தயாராக இருந்தது.

“மாமா, ஓடுற மெஷின்ல கேஸ் மொத்தத்தையும் வெளிய மாட்டுற பெட்டிக்குள்ள இழுத்து, வால்வை அடைச்சுப் பூட்டிடலாம்ல?”

“வீடு மாத்துறவங்களுக்கு அப்படித்தான் செய்வோம்.”

“அதே மாதிரி பூட்டி என்கிட்ட குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“என்னடா பாத்துக்குவே?”

“சுத்தியலால ஒரு போடு. தாமிரம் வேணும்ல.”

“கேஸ் போயிடுமேடா!”

“போவும். ஆனா உங்க கையால போவாதே. அட்டை உங்களுக்கு மாமா, எனக்கா குடுத்தாங்க?”

ஜில்லு வெகுநேரம் யோசித்தார். சட்டப்படி பார்த்தால் பையன் சொல்வதில் பிழையே இல்லை. அதுதான் அவரை மேலும் குழப்பியது. குற்றம் கையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா? பயிற்சியாளருக்குப் போன் செய்தார். “நல்ல கேள்விங்க,” என்று பாராட்டிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை ஜவுளிக்கடையின் மொட்டைமாடி ஏறினார். பன்னிரண்டில் ஒன்பது ஓடின. மூன்று செத்துக் கிடந்தன. ஓடாததில் இழுத்துப் பூட்ட வழியில்லை. பம்பு போட்டுச் சிலிண்டரில் பிடிக்கலாம், சிலிண்டர்தான் இல்லை. ஏசி சாமான் விற்கும் நாலு கடை ஏறி இறங்கினார். ஒருவரிடமும் அந்த மஞ்சள் தலை இல்லை. இரண்டு பேர் அப்படி ஒரு வஸ்து இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

வியாழன் மாலை, இழுத்துப் பூட்டிய ஒன்பது பெட்டிகளும் ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கின. பழைய இரும்புக் கடையில் அல்ல, வீட்டு வாசலில்.

“இதென்ன, சீர்வரிசையா?” என்றாள் மனைவி.

“மையம் வர்ற வரைக்கும்.”

“வரலைன்னா?”

“துருப்பிடிச்சு ஓட்டை விழ எப்படியும் அஞ்சாறு வருஷம் ஆகும்.”

“அதுக்கப்புறம்?”

அவர் முதல் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். அவள் மாடிப்படியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து வழிவிட்டாள். அவளுடைய தம்பி, இத்தனை தாமிரத்தையும் கும்பிட்டா வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டபடி, பெட்டியின் மறுமுனையைப் பிடித்தான்.

ஒன்பது பெட்டிகளை அவர் வாயுவோடு தன் வீட்டு மொட்டைமாடியில் அடுக்கினார். ஓடாத மூன்றின் வாயுவை வெள்ளிக்கிழமை காலை வானத்தில் திறந்துவிட்டார். மாலைக்குள் புதிய ஏசி இருபதையும் பொருத்தி முடித்தார்.