முதலாளி சொன்ன ‘அது’

யாராவது சிரித்தால் இஸ்திரியக்காவுக்குச் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் அந்தக் கூடத்தில் இஸ்திரி போடச் சேர்ந்ததிலிருந்து அவள் லீவு கேட்டதே இல்லை. ஒருநாள் வராவிட்டால் இன்னொருத்தியை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் வீட்டு வாடகைக்கு எங்கே போவது, கடைசியில் நடுத்தெருதான் என்று மனசு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அப்படி யாரும் மிரட்டியதில்லை. தானே மாட்டிக்கொண்ட விலங்கு.

இந்த நேரம் பார்த்துத் தங்கைக்கு ஆபரேஷன். “பயமா இருக்குக்கா. நீ பக்கத்துல இருந்தா போதும்” என்று போனில் அழுதாள். லீவு கேட்கப் போன அக்கா, முதலாளியின் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அது பழசாயிடுச்சுங்க. சூடேறினா ஒரே கத்தல். இனிமே அதோட மாரடிக்க முடியாது. அனுப்பிடலாம்.”

அக்கா லீவு கேட்காமலே திரும்பிவிட்டாள். முதலாளி தங்கமான மனுஷர்தான். ஆனால் அங்கே வேலை பார்க்கும் பெண்களெல்லாம் அவர் வாயில் ‘அது’தான். “அது சாப்பிட்டுச்சா? அது கிளம்பிடுச்சா?” என்றுதான் விசாரிப்பார். சூடேறினால் கத்துவதும் இவள்தான். அப்புறம் வேறு யாராம்?

மறுநாள் ஒருவன் டேப்போடு வந்து அவள் நிற்கிற இடத்தை அளந்தான். ஆள் இருக்கும்போதே இடத்தை அளக்கிறார்களே, பாவிகள்! அக்கா சாப்பிடக்கூடப் போகாமல் தேய்த்தாள். விரிப்பு, தலையணை உறை எல்லாம் முடிந்தும் கை நிற்கவில்லை.

அந்தப் பக்கம் வந்த முதலாளி அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். “தரை துடைக்கிற துணிக்கு எதுக்கும்மா இஸ்திரி?”

“என்னை அனுப்பறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க சார். அது பழசாயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்!”

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு, மூலையில் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்த பழைய தேய்ப்பு மெஷினைக் காட்டினார். “ஐயோ, அதைச் சொன்னேம்மா! புது மெஷின் வைக்கத்தான் இடம் அளந்தது.”

அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. உடனே அடுத்தது: புது மெஷின் தானாகவே தேய்த்துவிட்டால் ஆள் எதற்கு? கேள்வி வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் முதல்முறையாகத் தன் மனசின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. என்ன பதில் சொன்னாலும் இது அடுத்த குழியைத் தோண்டத்தானே போகிறது?

கேள்வியை விழுங்கினாள். “தங்கச்சிக்கு ஆபரேஷன் சார். ஒரு வாரம் லீவு வேணும்.”

“போயிட்டு வாங்க.”

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று அழுகையே வந்துவிட்டது. “அதுவரைக்கும் விரிப்பெல்லாம் கசங்கிக் கிடக்குமே சார்?”

“படுக்கிறவங்க எப்படியும் கசக்கத்தானேம்மா போறாங்க?”

சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டாள்.

“நிஜமாவே வர்றியா? கடைசி நேரத்துல கைவிட மாட்டியே?” தங்கைக்கு நம்பிக்கையே வரவில்லை.

“பஸ்ஸுல உட்கார்ந்துட்டேன்டி” என்றாள் அக்கா.