விசாரணையில் மன்னிப்பு கேட்டவர்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் ஸ்டெனோ. மோட்டார் ஒன்று எரிந்துபோனதற்காக ஃபிட்டர் மாணிக்கம் அண்ணனுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். நாச்சியாபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர். அவர் சம்பளத்தை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

விசாரித்தவர் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த பெர்சனல் ஆபீசர். பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணனின் விளக்கக் கடிதம் அவர் கையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மனு எழுதுகிறவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. மோட்டார் சூடாகிறது என்று முன்பே சொன்னேன், சூப்பர்வைசர்தான் ஓட்டச் சொன்னார் என்று அதில் தெளிவாகவே இருந்தது. கடைசி வரி, "ஐ பெக் யுவர் பார்டன், சார்."

எங்கள் பக்கம் லீவு லெட்டர்கூட அப்படித்தான் முடியும். பழைய மேனேஜர்கள் அதை ஒரு கும்பிடாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர் பிடித்துக்கொண்டார்.

"தப்பு பண்ணலன்னா எதுக்கு மன்னிப்பு? குற்றத்தை ஒப்புக்கொண்டார்னு எழுதிக்கங்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விசாரணையில் ஸ்டெனோ வாய் திறக்கக் கூடாது. எழுதினேன்.

அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது மருவாதிக்கு எழுதுறதுங்கய்யா. சூப்பர்வைசரு ஐயாதான் ஓட்டச் சொன்னாக. அவுகளக் கூப்பிட்டுக் கேளுங்க."

வெளியே மிஷின் இரைச்சல். ஆபீசர் காதைச் சாய்த்து, "ஐ பெக் யுவர் பார்டன்?" என்றார். அண்ணன் திரும்பச் சொன்னார். மறுபடியும், "ஐ பெக் யுவர் பார்டன்?"

அதையும் சுருக்கெழுத்தில் எடுத்தேன். அப்படியே டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். படித்துக்கொண்டே வந்தவரின் பேனா பாதியில் நின்றது.

"இத எதுக்கும்மா அடிச்சீங்க? காதுல விழலன்னு கேட்டேன், அவ்வளவுதானே?"

"ஒரு வார்த்த விடக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீக?" என் வேலையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் அந்த வரியையும் அண்ணனின் கடிதத்தில் இருந்த கடைசி வரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்பதைப் பேனாவால் அடித்தார். "சூப்பர்வைசர வரச் சொல்லுங்க."

சூப்பர்வைசரால் மறுக்க முடியவில்லை. அண்ணனுக்கு வேலை தங்கியது.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "ஏந் தங்கச்சி, அந்த வரிய இனிமே எழுதலாமா, கூடாதா?"

"படிக்கிறவுக யாருன்னு பாத்து எழுதுங்கண்ணே."

ரிட்டயர் ஆகும்வரை நானும் அப்படித்தான் செய்தேன். யார் கடிதம் கொண்டுவந்தாலும், அதைப் படிக்கப்போகிறவர் யார் என்று கேட்டபிறகே கடைசி வரியை அடிப்பேன்.