காலி மனையில் ஒரு கழிப்பறை

ஊரில் பாதி வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்ட கொத்தனார் அவர். "முதல்ல சுவரை எழுப்புங்க, அனுமதி தன்னால பின்னால வரும்" என்று வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தன் வீட்டுக்கு மட்டும் யோக்கியனாக நடக்க ஆசைப்பட்டார். புத்தி கெட்ட வேலை.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் மனைவியால் கொல்லைக்கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு நடக்க முடியாது. படுக்கையறையை ஒட்டி ஒன்று கட்ட வேண்டும். அதற்கு அனுமதி கேட்டு எட்டு மாதமாக நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

இன்று அனுமதிப் பிரிவு எழுத்தர் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எங்க ரெக்கார்டுல உங்க இடம் காலி மனைன்னு இருக்கு. வீடே இல்லாத இடத்துல கழிப்பறைக்கு எப்படிங்க அனுமதி குடுக்கிறது?"

"முப்பது வருஷமா அந்த வீட்டுக்கு வரி வாங்குறீங்களே, சார்?"

"அது வேற செக்‌ஷன்."

கொத்தனாருக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. எழுத்தர் முதுகைச் சாய்த்திருந்த சுவரைக் கட்டியதே அவர்தான். அந்த அலுவலகக் கட்டடத்துக்கும் கூரை போட்ட பிறகுதான் அனுமதி வந்தது. வாயைத் திறந்தால் இன்னும் எட்டு மாதம் இழுத்தடிப்பார்கள். விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க சொன்னாங்க?" என்று கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள் மனைவி.

"நமக்கு வீடே இல்லையாம்."

அவள் சிரிக்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த மலச்சட்டியைக் காட்டினாள். "அப்ப இதையும் அந்த ஆபீஸ்லயே கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க."

கொத்தனார் அதை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கொல்லைக்கோடிக்கு நடந்தார்.